கிணற்றுக்குப் போன பச்சைத் தடம்

காலை ஒன்பது மணி இருக்கும். சுள்ளென்று வெயில். கையில் டைரியோடு ஒரு குப்பைக் குழியின் கரையில் நின்றுகொண்டிருக்கிறேன். குழிக்குள் எருக்குவியல். அதன் உச்சியில் ஒரு பழைய முறம். முறத்தில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. உடம்பில் துணி இல்லை, இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும்.

எரு உள்ளே வெந்துகொண்டிருந்தது. முறத்தைச் சுற்றி மெல்லிசாக ஆவி எழும்பியது. குழந்தை அழவில்லை. காலை உதைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தபோதுதான் அதன் உதடுகளைக் கவனித்தேன். நாவல் பழம் தின்ற வாய் போல இருந்தது.

இரண்டு மாதக் குழந்தை நாவல் பழம் தின்னாது.

குழந்தையின் அத்தை வெள்ளையம்மாள் குழிக்குள் இறங்கி, முறத்தின் மேல் குனிந்து, "குப்பம்மா, குப்பம்மா, குப்பம்மா" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். மூத்த பிள்ளை செத்துப்போன வீட்டில் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மூத்ததைக் கொண்டுபோனது மறுபடி வந்து பார்த்தால், இது குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போகுமாம். பிறந்த உடனே செய்திருக்க வேண்டியது, விட்டுப்போயிற்று என்று வெள்ளையம்மாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

தாய் பொன்னுத்தாய் கரையில் எனக்கு எதிரே நின்றாள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். வெளியாள் ஒருவன் இந்த நேரத்தில் வந்து நிற்கிறானே என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

வாரத் தொடரில் இந்த அத்தியாயத்தை ஐந்தாறு வாரமாகத் தள்ளிப் போட்டு வந்தேன். பத்திரிகை ஆசிரியரிடம் உடம்பு சரியில்லை என்று கூடச் சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உப்புச் சாயபு

அப்போது நான் ஆத்தூர்ப் பக்கம் கிராம சேவக், ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லிக்கொடுக்கும் சர்க்கார் ஆள். சர்க்கார் சைக்கிள் ஒன்று, காக்கிப் பை ஒன்று, டைரி ஒன்று. கையில் எட்டு ஊர்கள். அந்தக் குழந்தையின் வீட்டுத் தோட்டம் ஆத்தூருக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவே இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஊகித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் புண்ணியம்.

நான் திண்டுக்கல் டவுன்காரன். தோல் வியாபாரம் நடக்கும் தெருவில், முஸ்லிம் வீட்டில் பிறந்தவன். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான். அந்தக் குறையைச் சத்தம் போட்டுப் பேசியே மறைத்துக்கொண்டேன். சத்தமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். சில நாள் கழித்து அவனே நம்பிவிடுகிறான்.

என் முக்கிய வேலை அமோனியம் சல்பேட் உரத்தை வயலில் போடவைப்பது. வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு உப்பு என்றுதான் பெயர். எனக்கு உப்புச் சாயபு என்று பெயர். மண் செத்துப் போகும், மாடு நக்கினால் சாகும் என்று பயந்தார்கள். நான் மூட்டையைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து என் நாக்கில் வைத்துக் காட்டுவேன். கசந்து தொண்டை எரியும். சிரித்தபடி துப்பாமல் நிற்பேன். அதற்குக் கூட்டம் கூடும்.

இன்றைக்கு ரசாயன உரம் என்ற பேச்சை எடுத்தாலே பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அந்த வருஷங்களின் வயிறு தெரியாது. கப்பலில் வந்த சிவப்புச் சோளத்துக்கும் புழு விழுந்த கோதுமைக்கும் பைகளோடு ஜனங்கள் வெயிலில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடத்தில் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் பெஞ்சிலேயே சாய்ந்துவிடும். உப்பு போட்ட வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நான் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை, அவ்வளவுதான்.

எட்டு ஊரிலும் முதலில் சம்மதித்தவன் பொன்னுத்தாயின் புருஷன் சின்னக்காளை. மாடு பூட்டிக் கமலை இறைப்பதை விட்டு, அந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கரண்டு மோட்டார் வைத்தவனும் அவன்தான். புதுசு என்றால் அவனுக்கு ஒரு வெறி.

முதல் தரம் உப்பு வீசிய அன்று ஒன்று நடந்தது. தண்ணீர் பாய்ந்த கொஞ்ச நேரத்தில் வயலுக்குள்ளிருந்து மண்புழுக்கள் மேலே வந்தன. ஒன்று இரண்டு இல்லை. வரப்பெல்லாம் ஏறி, வெளிறிப்போய் நெளிந்தன. காக்காய்கள் வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கொத்தவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டு, கரையாமல், எழுந்து போய்விட்டன.

சின்னக்காளை என்னைப் பார்த்தான். எல்லாம் பழகிவிடும் என்று சொன்னேன். டைரியில் இதை எழுதவில்லை.

குளிர வைப்பது

உப்புக்குச் சூடு அதிகம் என்பது அவர்கள் எண்ணம். அப்படியே போட்டால் பயிரின் வேர் வெந்துவிடும். ஆகவே போடுவதற்கு முன் அதைக் குளிர வைக்க வேண்டும். உப்பைத் தொழு எருவோடும் குளத்து வண்டலோடும் கலந்து, தண்ணீர் தெளித்து, நிழலில் குவித்து வைத்தார்கள். முதலில் மூன்று நாள் என்று ஆரம்பித்தது. குளிரக் குளிரப் பயிருக்கு நல்லது என்று அது வாரமாகி, மாதமாகி, கடைசியில் குவியல் தீரவே தீராது என்ற நிலைக்கு வந்தது. தீரத் தீரக் கொட்டிக் கலந்து தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

வைத்த இடம் பழைய கமலைச் சரிவு. கமலை இறைக்கும் மாடுகள் இறங்கி ஏறுவதற்காகக் கிணற்றடியிலிருந்து நிலத்துக்குள் சரிவாக வெட்டிய பாதை அது. மோட்டார் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. மேலே புங்க மரத்து நிழல், பக்கத்தில் கிணறு, தெளிக்கத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். இதைவிடத் தோதான குழி கிடைக்காது.

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. நாட்டு எருவும் சீமை உரமும் கைகோத்துக்கொள்கின்றன என்று மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். மற்ற ஊர் விவசாயச் சம்சாரிகளைக் கூட்டி வந்து காட்டினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் தோட்டத்து வீட்டில் குடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே அங்கே எத்தனையோ செம்பு குடித்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலம் போனது. குழியிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு முழ அகலத்தில் புல் முளைத்திருந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் இருந்த புல் சாதாரணப் பச்சை. இது கரும்பச்சை. வளைந்து வளைந்து போய்க் கிணற்றின் கல்கட்டில் முட்டி நின்றது, யாரோ தினமும் நடந்துபோன தடம் மாதிரி. தவளைச் சத்தமும் அந்தக் கிணற்றில் நின்றுபோயிருந்தது. படியில் மட்டும் பாசி தடித்துப் படர்ந்திருந்தது.

வந்தவர்களிடம் அந்தப் புல்லைத் தொட்டுக் காட்டினேன். பாருங்கள், கழுவிப்போன உப்புக்கே இந்த மகிமை என்றேன்.

அத்தாவின் கிணறு

இங்கே என் தகப்பனார், அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் நின்று, அவர் கால் முழங்கால் வரை வேறு ஒருவருடைய கால் மாதிரி இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது.

தொட்டித் தண்ணீரெல்லாம் பின்னால் திறந்துவிடுவார்கள். அங்கே ஒரு கிணறு. அதன் தண்ணீர் பீடிப் புகையிலை ஊறிய நிறத்தில் இருக்கும். ஒருவரும் அதைத் தொடமாட்டோம். குடிக்க வேண்டுமானால் நாலு தெரு தள்ளிப் போய்த்தான் அம்மா எடுத்து வருவார். ஒருநாள் தாகத்தில் நான் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததற்கே அத்தா என் முதுகில் ஒன்று வைத்தார். கெட்ட தண்ணி கண்ணுக்குத் தெரியும், பார்த்து நடக்கத் தெரியாதா என்று கேட்டார்.

அத்தா சொன்னதில் பாதிதான் சரி. அது தெரிய எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. சின்னக்காளையின் கிணற்றுத் தண்ணீர் செம்பில் எடுத்தால் கண்ணாடி. அடியில் கிடக்கும் புளியங்கொட்டையை எண்ணலாம். வாடை இல்லை, ருசியில் மாற்றம் இல்லை. கெட்ட தண்ணீர் எப்படி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, அதன் மேல் சந்தேகம் எங்கிருந்து வரும்?

மூத்தவன்

குப்பம்மாளுக்கு முன் வருஷம் பிறந்தவன் ஆண். பொன்னுத்தாயின் தாய் வீடு வத்தலக்குண்டு. அங்கே பிறந்து, நன்றாகத்தான் இருந்தான். மூன்றாம் மாதம் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். பொன்னுத்தாய்க்குப் பால் வற்றிப்போயிருந்தது. மாடும் அப்போது கறவையில் இல்லை.

ஏழைத் தாய்மாருக்குக் கொடுக்கச் சொல்லி எங்கள் ஆபீசுக்குப் பால் பவுடர் வரும். நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எப்படிக் கரைப்பது என்று செய்து காட்டினேன். பச்சைத் தண்ணீர் கூடாது, நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் என்று நாலு தரம் சொன்னேன். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. பொன்னுத்தாய் அதை எழுத்து மாறாமல் செய்தாள்.

பதினைந்து நாளில் பையனின் நகம் நீலமானது. பிறகு உதடு. அழுதால் முகமே கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். ஒரு மத்தியானம் தூங்கினவன் எழுந்திருக்கவில்லை.

கமலைச் சரிவுக்கு அந்தப் பக்கம், தோட்டத்து வேலி ஓரமாகவே புதைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஒரு கை மண் போட்டேன். அதே கையால்தான் முந்தின வாரம் உப்புக் கலந்து காட்டியிருந்தேன்.

மழைக்குப் பின் அந்தப் பச்சைத் தடம் வந்தது என்றேன் அல்லவா. நான் அதைக் குழியிலிருந்து கிணற்றுக்குப் போன தடமாகப் பார்த்தேன். வெள்ளையம்மாள் அப்படிப் பார்க்கவில்லை. குழிக்கு அந்தப் பக்கம் புதைத்த இடம் இருக்கிறதே. அங்கிருந்து வருகிற தடமாகப் பார்த்தாள்.

"தாகம் எடுத்துத் தண்ணிக்கு வாரான் சார்," என்றாள் என்னிடம். சாதாரணமாகத்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வது போல. "எங்க போனாலும் அவனுக்கு இந்தத் தண்ணிதான வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது மட்டும், அந்தப் புல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நிறம் போவதும் வருவதும்

குப்பம்மாளையும் தாய் வீட்டிலிருந்து ரோஜாப்பூ மாதிரிதான் கொண்டு வந்தார்கள். இவளுக்கும் பால் பவுடர்தான். இரண்டு வாரத்தில் நகம் நீலம். உடனே குப்பையில் போட்டு எடுத்தார்கள். நான் முதலில் சொன்ன காட்சி அதுதான்.

அடுத்த வாரம் வத்தலக்குண்டில் திருவிழா. பொன்னுத்தாய் குழந்தையோடு போனாள். நாலே நாளில் குழந்தை சிவந்துவிட்டது. திரும்பி வந்தாள், மறுபடி நீலம். இன்னொரு தரம் போனாள், சிவப்பு. வந்தாள், நீலம். அந்த வீட்டுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, வாசலில் குழந்தையை வாங்கிச் சாயம் தோய்க்கிற மாதிரி இருந்தது. தோட்டத்து வேலைக்கு வந்த பெண்கள் மதியக் கஞ்சியை வேலிக்கு வெளியே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். நானும் நின்று பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். மோட்டார் நின்ற பிறகு அந்தக் கிணற்றடியில் இருக்கும் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளையம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். குழந்தை வத்தலக்குண்டுக்குப் போய்ப் போய் வருவதால்தான் மூத்தவன் கோபித்துக்கொள்கிறான். அவன் கண் முன்னாலேயே இருந்தால் விட்டுவிடுவான். இனிமேல் குழந்தை தோட்டத்தைத் தாண்டக் கூடாது. சின்னக்காளை மோட்டாரையும் உப்பையும் நம்பியவன், இதையும் நம்பினான். ஒரு பிள்ளையைப் புதைத்தவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை.

ஒருநாள் மதியம் பொன்னுத்தாய் என்னைக் கிணற்றடியில் நிறுத்தினாள். அதுவரை அவள் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"இங்கயும் அதே டப்பா, அங்கயும் அதே டப்பா. பாட்டிலும் ஒண்ணுதான். தண்ணிதான் சார் வேற."

என்ன அறிவு பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சத்தமாகப் பேசுகிறவன் அல்லவா நான். தண்ணீரில் கிருமி இருக்கலாம், நீ கொதிக்க வைப்பது போதவில்லை, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க வை என்று சொன்னேன்.

சுண்ட வைத்தாள். மூன்றாம் நாள் குழந்தை தலையைத் தூக்கவில்லை. நிறம் சாம்பலாகிவிட்டது.

இரண்டு பஞ்சு

அன்று சின்னக்காளை வெங்காயம் கொண்டு திண்டுக்கல் போயிருந்தான். வெள்ளையம்மாள் களத்தில் இருந்தாள். பொன்னுத்தாய் குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாக, நான் சைக்கிளோடு வந்துகொண்டிருந்த பக்கம் நடந்து வந்தாள். "முன்னால போயி பஸ்ஸ நிப்பாட்டுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். சைக்கிளை ரோட்டோரம் போட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

வத்தலக்குண்டு வரை அவள் குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்தபடியே வந்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். குழந்தையைப் பார்த்ததும் இதயம் என்றுதான் நினைத்தார். காது வைத்துக் கேட்டார். இதயத்தில் குறை எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பஞ்சில் ஒற்றினார். அதன் நிறம் சிவப்பில்லை. கருப்பட்டிப் பாகு.

பிறகு தன் விரலையே குத்தி இன்னொரு பஞ்சில் ஒற்றினார். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். காற்றுப் பட்டுக் குழந்தையின் ரத்தம் சிவக்கிறதா என்று பார்த்தாராம். ஃபேன் சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சிவக்கவே இல்லை.

"கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றோம். கொதிக்க வைத்ததா என்றார். பாதியாகச் சுண்ட வைத்தது என்று நான் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புத் தண்ணியைச் சுண்ட வச்சா என்ன மிஞ்சும்?"

அவரே அடுத்ததையும் கேட்டார்.

"கிணத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

பொன்னுத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். அன்று குப்பைக் குழியின் கரையில் பார்த்த அதே பார்வை.

நான்தான் சொன்னேன். உப்பு, எரு, தெளித்த தண்ணீர், மழை, அந்தப் புல் எல்லாவற்றையும். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எருவோடு புளித்த உப்பு நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கும். பெரியவர்கள் குடித்தால் உடம்பில் அது தெரியாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீரில் பவுடர் கரைத்துக் குடிக்கிற மூன்று நாலு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான் ரத்தத்தில் ஏறி மூச்சை அடைக்கும். படித்துத்தான் இருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். பிற்பாடு மதுரையிலிருந்து அதன் பரிசோதனை முடிவு வந்தது. அவர் சொன்னதுதான்.

அந்த நோய்க்கு மருந்தும் நீலம். மை போன்ற மருந்தை ஊசியில் ஏற்றி, நீலமான குழந்தைக்குப் போட்டார்கள். பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். முதலில் காது மடல், பிறகு உதடு, பிறகு கன்னம் என்று உள்ளே யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டே வருவது போல நிறம் வந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நூறு எட்டு

சின்னக்காளையிடம் சொன்னபோது அவனுக்கு என் மேல் கோபம் வரவில்லை. உப்பை நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்றுதான் கோபம் வந்தது.

"உப்ப நிப்பாட்டுனா பழையபடி ஒரு வேளைக் கஞ்சிதான். அதக் குடுக்குறதும் நீங்கதான், புடுங்குறதும் நீங்கதானா?"

அவன் கேட்டது நியாயம்.  நான் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் மாற்றச் சொன்னேன். குழியை இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிக் காலி செய்தோம். தோட்டத்தின் பள்ளக் கோடியில், கிணற்றிலிருந்து நூறு எட்டு தள்ளி, எருவுக்குப் புது இடம் போட்டோம். எட்டுகளை நானே நடந்து எண்ணினேன். உப்பைப் பாதியாகக் குறைத்து, அதையும் இரண்டு தடவையாகப் பிரித்தோம். மீதிக்குக் கொழுஞ்சியையும் புங்கந்தழையையும் வயலில் தழையுரமாக மிதித்தோம். மேகம் கட்டினால் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் மேட்டுப் பக்கத்துக் கிணற்றிலிருந்து.

விளைச்சல் கொஞ்சம் குறைந்தது, பட்டினி போடும் அளவுக்கு இல்லை. மற்ற ஏழு ஊருக்கும் போய், நானே ஊருக்கு ஊர் பரப்பிய கமலைக் குழிகளை ஒவ்வொன்றாக மூடவைத்தேன். நாக்கில் உப்பு வைத்துக் காட்டுவதை விட்டுவிட்டேன். அறிக்கை ஒன்றும் எழுதினேன். மேலே இருந்தவர், உரம் என்ற சொல் வராமல் திருத்தி எழுதிக் கொண்டு வா என்றார். திருத்தி எழுதினேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்தப் புல் மட்டும் உடனே போகவில்லை. குழி மூடிய பிறகும் இரண்டு மழைக்குக் கரும்பச்சையாகவே கிடந்தது. வெள்ளையம்மாள் கடைசிவரை அதை மிதிக்கவில்லை.

குழந்தைக்கு உடம்பு தேறிய பிறகு, ஒரு காலையில் பொன்னுத்தாய் மேட்டுக் கிணற்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். பழைய கிணற்றடியில் நின்றாள். குடத்தை இறக்கவில்லை.

"அப்ப மூத்தவனுக்கும் நான் குடுத்த தண்ணிதானா சார்?"

நான் தோட்டத்தைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். "இல்ல தாயி. அது வேற காய்ச்சல்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் மனம் உடையக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

போன வாரம் பத்திரிகை ஆபீஸ் மூலமாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் குப்பம்மாள். அம்மாவுக்குக் கண் தெரியவில்லையாம். இந்தத் தொடரை வாராவாரம் அவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம். நம்ம தோட்டத்தைப் பற்றிச் சார் எப்போது எழுதுவார் என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்கிறாராம்.

எழுதிவிட்டேன். குப்பம்மா, இதற்கு மேல் வருவதைக் கொஞ்சம் சத்தமாக வாசி.

பொன்னுத்தாய், அன்று நீ கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். மூத்தவனுக்கு வந்தது காய்ச்சல் இல்லை. இவளுக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்தது. பவுடரைக் கொண்டு வந்தது நான். கொதிக்க வைக்கச் சொன்னது நான். குழியைப் பார்த்துக் கைதட்டியதும் நான். நீ சொன்னபடி செய்தாய், வேறு ஒன்றும் செய்யவில்லை. அவன் தாகத்துக்கு வரவில்லை தாயி. கிணற்றுக்குப் போன அந்தத் தடம் என்னுடையது.